அடைக்கலம் கேட்டு வந்த குடும்பமும் பாகூரும்

வில்லியனூரும் பாகூரும் எப்படி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தன? இந்தக் கேள்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், நான் போய் நின்ற இடம் ஆற்காடு நவாப் குடும்பம்.

சந்தா சாகிப், நவாப் தோஸ்த் அலியின் மருமகன். திருச்சியில் ராணி மீனாட்சிக்கு உதவுவதாக உள்ளே நுழைந்து, கடைசியில் கோட்டையைத் தானே எடுத்துக்கொண்டவர். மதுரை நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது. ஆனால் காலம் சும்மா இருக்குமா?

1740 மே மாதம் ரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை தாமல்செருவில் தோஸ்த் அலியைக் கொன்றது. நவாபின் விதவை மனைவியும் சந்தா சாகிப்பின் மனைவி, மகனும் ஓடி வந்தது புதுச்சேரிக்குத்தான். ஆளுநர் துய்மா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். "அவர்களை ஒப்படை" என்று ரகுஜி மிரட்டியும் மசியவில்லை. இதில் இரக்கம் எவ்வளவு, வியாபாரக் கணக்கு எவ்வளவு? இரண்டும் கலந்ததுதான் என்பது என் எண்ணம். ஏன்னா, காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைக்க 1739-ல் உதவியவரே இந்த சந்தா சாகிப்தான்.

1741-ல் திருச்சி விழுந்தது. சந்தா சாகிப் மராட்டியரிடம் கைதியானார். 1748-ல்தான் விடுதலை. அந்த ஏழு வருஷமும் மனைவியும் மகனும் பிரெஞ்சுக்காரர் பாதுகாப்பில் இருந்ததால், அடுத்து வந்த ஆளுநர் துப்ளேக்கு ஆற்காட்டு அரசியலில் கையை நீட்ட ஒரு பிடி கிடைத்தது. 1749 ஆகஸ்டில் ஆம்பூர் போரில் அன்வருத்தீன் இறந்தார், சந்தா சாகிப் நவாப் ஆனார். பதிலுக்கு அவர் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்த ஊர்களில் வில்லியனூர், பாகூர் பக்கத்து கிராமங்களும் அடக்கம்.

பதவி மூணு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் சிக்கி, தஞ்சைப் படைத்தலைவரிடம் சரணடைந்தார், தலையை வெட்டிவிட்டார்கள். ஒரு ராணியை நம்பவைத்து ஏமாற்றியவருக்கு, நம்பிப் போன இடத்திலேயே முடிவு.

புதுச்சேரியும் அதன்பின் பலமுறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது. ஆனாலும் வில்லியனூரும் பாகூரும் இன்றைக்கும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் கொம்யூன்கள். அடுத்த தடவை கடலூர் ரோட்டில் போகும்போது ஊர்ப்பலகைகளைக் கவனியுங்க: தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். அந்தக் கோடுகளுக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, உயிருக்குப் பயந்து வந்த சில பெண்களுக்காக 1740-ல் திறந்த ஒரு கோட்டைக் கதவு.