பீங்கான் பல் ஏன் கழன்று விழுகிறது?

விருந்து வீட்டில் ஒரு கவளம் உண்டு கொண்டிருக்கும்போது, சில மாதங்களுக்கு முன் பொருத்திய பீங்கான் பல்லுறை கழன்று நாவில் உருண்டால் எப்படி இருக்கும்? "மட்டமான பீங்கான்" என்று உடனே பழி கூறிவிடுவோம். ஆனால், உறை உடையாமல் முழுதாகக் கழன்றிருந்தால் குறை பெரும்பாலும் பீங்கானில் இல்லை, பிடிமானத்தில்தான் இருக்கிறது.

பல்லும் பீங்கானும் இயல்பாக ஒட்டிக்கொள்ளும் உறவினர் அல்லர். இரண்டையும் இணைப்பது ஒரு பிசின். அது இரு பக்கமும் பற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பல்லின் பக்கத்தைப் பார்ப்போம். உலோகத்தில் வண்ணப்பூச்சு நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசுவதைக் கவனித்த அமெரிக்கப் பல் ஆய்வாளர் மைக்கேல் புவனோகோர், அதே முறையைப் பல்லின் எனாமலில் செய்து பார்த்து 1955-இல் வெளியிட்டார். பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்குகிறது. அவற்றுக்குள் பிசின் இறங்கி, வேர்விட்டாற்போல் இறுகுகிறது. இன்றும் பல்லில் ஒட்டும் சிகிச்சைகளின் அடிப்படை இதுவே.

இனி பீங்கானின் பக்கம். கண்ணாடித் தன்மையுள்ள பீங்கானை ஹைட்ரோபுளோரிக் அமிலம் அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. 1980-களில் பரவிய முறை இது. லித்தியம் டைசிலிகேட் என்னும் வகைக்கு 5 சதவீத அமிலம் சுமார் 20 வினாடி போதும். அளவு மீறினால் பீங்கானே வலுவிழக்கும். அதன்மேல் 'சிலேன்' என்னும் திரவம் தடவப்படுகிறது. ஒரு கையால் பீங்கானையும் மறு கையால் பிசினையும் பற்றிக்கொள்ளும் இடையாளர் அது.

இப்போது பலரும் விரும்பும் ஜிர்கோனியாவின் கதை வேறு. அதில் கண்ணாடி இல்லை. ஆகவே அந்த அமிலம் அதை அசைக்காது. அலுமினாத் துகளைக் காற்றழுத்தத்தால் வீசிச் சொரசொரப்பாக்கி, 'எம்.டி.பி.' என்னும் பாஸ்பேட் சேர்மம் கலந்த திரவத்தைப் பூச வேண்டும். ஒன்றுக்குரிய முறையை மற்றொன்றில் கையாண்டால் பிடிப்புக் கிட்டாது.

இத்தனையையும் ஒரு துளி உமிழ்நீர் கெடுத்துவிடும். அதனால்தான் மருத்துவர் பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுகிறார். வாயில் வைத்து அளவு பார்த்த உறையை மீண்டும் தூய்மை செய்கிறார். "இவ்வளவு நேரமா?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. எனாமலில் கிட்டும் உறுதியான பிடிப்பு, ஈரப்பசை மிகுந்த உட்பகுதியான டென்டினில் எளிதாகக் கிட்டுவதில்லை. ஆதலால் பல்லை எவ்வளவு குறைவாகச் செதுக்குகிறார்களோ அவ்வளவு நல்லது. செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது. அழகுக்காக மட்டும் பல்லைச் செதுக்க முன்வரும் இளைஞர்களும் யுவதிகளும் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிகிச்சைக்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "என் பல்லில் எவ்வளவு எனாமல் மிஞ்சும்? இது எவ்வகைப் பீங்கான், எப்படி ஒட்டப்போகிறீர்கள்?" நல்ல மருத்துவர் முகம் சுளிக்காமல் விளக்குவார்.

உறை கழன்றுவிட்டால், விழுங்கிவிடாமல் எடுத்துச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பசையால் ஒட்டிக்கொள்ள முயலாதீர்கள். பல்லின் நரம்புக்கும் ஈறுக்கும் கேடு நேரலாம். தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உறையும் பல்லும் பழுதின்றி இருந்தால், அதையே மீண்டும் பொருத்த இயலும்; புதிய செலவும் மிச்சமாகும்.