ஜாக்கி வேலை: ஆசை காட்டுகிறவர்களிடம் பணம் கட்டும் முன்…



மாட்டு வண்டிப் பந்தயம் நம்ம தெற்குச் சீமைக்குப் புதுசு இல்லை. குதிரைப் பந்தயம்னா மட்டும் "அது பணக்காரங்க சமாச்சாரம்"னு ஒதுங்கிடுறோம். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்து ஓட்டுகிற ஜாக்கிகளில் பல பேர் லாயத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள்தான். அது ஒரு முறையான தொழில். "உங்க பையன் ஒல்லியா இருக்கான், பணம் கட்டுங்க, ஜாக்கி ஆக்கிடலாம்" என்று தென்காசியிலோ குற்றாலத்திலோ யாராவது சொன்னால், குழுவில் கடன் கேட்கும் முன் இதைப் படியுங்கள்.

என்ன தகுதி வேண்டும்?

முதலாவது எடை. ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்துவார்கள். எடை குறைந்தால் சேணப் பையில் ஈயத் தகடு வைப்பார்கள். கூடினால் சிக்கல்தான். அதனால் ஜாக்கிகள் 50 கிலோவை ஒட்டியே இருக்கப் பார்க்கிறார்கள்.

ஒல்லியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஜாக்கி அதன் முதுகில் உட்காருவதில்லை. குட்டையான அங்கவடியில் கால் ஊன்றி, முன்னால் குனிந்தபடியே நிற்கிறார். இதற்குத் தொடையிலும் இடுப்பிலும் நல்ல பலம் வேண்டும். கடிவாளம் பிடிக்கிற கை மென்மையாக இருக்கணும். எப்போது அடக்கி வைப்பது, எப்போது விடுவது என்று கண நேரத்தில் முடிவெடுக்கணும். சாட்டையைக் கூட இஷ்டத்துக்கு வீச முடியாது. விதி மீறினால் விசாரணை, அபராதம், தடை எல்லாம் உண்டு.

பயிற்சி எப்படி?

பயிற்சி ஜாக்கியாகச் சேருபவர் முதல் நாளே குதிரை ஏறிவிட மாட்டார். விடியும் முன் எழுந்து லாயம் கூட்டணும், சாணம் அள்ளணும், குதிரையைத் தேய்த்துவிடணும், தீனி வைக்கணும். பிறகு நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். தேறிய பின்தான் டர்ஃப் கிளப் உரிமம் தரும். புதியவர்களுக்கு அனுபவம் குறைவு என்பதால் சுமையில் சலுகை உண்டு. வெற்றிகள் கூடக் கூட அது குறையும். வருமானம் ஒவ்வொரு சவாரிக்கும் கிடைக்கிற கட்டணமும், ஜெயித்தால் பரிசில் ஒரு பங்கும்தான். சவாரி கிடைக்காத மாதம் கை வறண்டுதான் இருக்கும்.

பெண்களால் முடியுமா?

முடியும். இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் ஜாக்கியாக அறியப்படுபவர் சென்னையைச் சேர்ந்த ரூபா சிங். ஆஸ்திரேலியாவில் 1861 முதல் நடக்கும் மெல்போர்ன் கோப்பையை 2015-ல் மிஷெல் பெய்ன் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர்தான். பத்துப் பிள்ளைகளில் கடைசி; கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். 2004-ல் குதிரையிலிருந்து விழுந்து மண்டை ஓட்டில் முறிவு ஏற்பட்டும் மீண்டு வந்தார்.

அவர் கதையிலேயே ஆபத்தும் தெரிகிறது. தலைக்கவசம், பாதுகாப்பு மேலாடை போட்டாலும் விழுவது சகஜம். எடை குறைக்கப் பட்டினி கிடப்பதும் இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். ஏற்கெனவே நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு ரத்தசோகை. வளருகிற பிள்ளையின் சோற்றைக் குறைத்து எந்தத் தொழிலும் வேண்டாம்.

எங்கே விசாரிப்பது?

சென்னை கிண்டி பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. ஊட்டி மைதானத்தையும் அதே ஆண்டில் மீட்டது. எனவே "கிண்டியில் சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பெங்களூரு, ஐதராபாத், புனே ஊர்களில் உள்ள டர்ஃப் கிளப்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, வயது, எடை, கட்டணம் எல்லாம் கேட்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

1. கிளப்பின் முத்திரையோடு சேர்க்கைக் கடிதம் இருக்கிறதா?
2. பயிற்சியாளருக்கு உரிமம் உண்டா?
3. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு யார் பொறுப்பு?
4. அடிபட்டால் மருத்துவச் செலவும் காப்பீடும் யார் தருவார்கள்?
5. பாதியில் பிள்ளை திரும்பி வந்தால் கட்டிய பணம் என்னாகும்?

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது உண்மைதான். அதற்காகச் சேமிப்புப் பணத்தைப் பந்தயத்தில் கட்டச் சொல்லி வீட்டு ஆண்கள் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டுகிறவர் திறமைக்குக் கூலி கிடைக்கும். பணம் கட்டுகிறவர் வீட்டில் பெரும்பாலும் நகைதான் அடகுக்குப் போகும்.

குதிரை மேல் உண்மையிலேயே ஆசை உள்ள பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. சென்னைக் காவல்துறையில் குதிரைப்படை இருக்கிறது. கால்நடை மருத்துவப் படிப்பும் இருக்கிறது. எந்த வழி என்றாலும் முதலில் பள்ளிப் படிப்பை முடிக்கட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத அக்காமார் வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரட்டும்.