முப்பத்துமூன்று வயதில் வந்த அழைப்பு

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் எப்படியோ, அப்படியே அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் ‘கேட்சர்’. மட்டையாளரின் பின்னே முழங்காலை மடக்கிக் குந்தியிருந்து, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் அதிகமான பந்துகளை அவர் வாங்கவேண்டும். எந்த வகைப் பந்தை எறிவது என்று எறிபவருக்குத் தெரிவிக்கிறவரும் பெரும்பாலும் அவரே. முகமூடியும் கவசமும் இருந்தாலும் விரல்கள் முறிவதுண்டு.

பெரிய லீக்கில் இருப்பவை 30 குழுக்களே. அவற்றின் கீழே மைனர் லீக் என்னும் பல படிகள் உண்டு; அங்கே ஆடுகிறவர்களில் அநேகர் ஒருநாளும் மேலே ஏறுவதில்லை. 2022 வரை, மிக உயர்ந்த படியாகிய டிரிபிள்-ஏ நிலையிலும் ஆண்டுக்குக் குறைந்தபட்ச ஊதியம் ஏறக்குறைய 17,500 டாலரே. 2023ஆம் ஆண்டு ஒப்பந்தமே அதை 35,800 ஆக்கிற்று. இத்தகைய வருமானத்தில் குடும்பம் நடத்துவது எளிதன்று.

வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் 1973இல் பிறந்த கிறிஸ் கோஸ்ட்டை, கல்லூரி முடித்தபோது எந்தப் பெரிய குழுவும் தெரிந்தெடுக்கவில்லை. 1996 முதல் 1999 வரை, பெரிய குழுக்களோடு தொடர்பில்லாத தனி லீக் ஒன்றில் சொந்த ஊர்க் குழுவுக்காக ஆடினார். பின்பு கிளீவ்லாந்து, பாஸ்டன், மில்வாக்கி, பிலடெல்பியா என்று ஒவ்வொன்றின் கீழ்க்குழுக்களிலும் மாறி மாறி உழைத்தார். அவருக்கு மனைவியும் மகளும் இருந்தனர். பிழைப்புக்காக ஊர் மாறியவர்களுக்கு இந்த அலைச்சலை விளக்கத் தேவையில்லை.

2006 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் அவருடைய அடிச் சராசரி .463. பத்துக்கு மூன்று முறை வெற்றியாய் அடித்தாலே சிறந்த மட்டையாளர் என்று எண்ணப்படும் ஆட்டம் அது! இடம் உறுதி என்றே தோன்றிற்று. கடைசி நேரத்தில் பிலடெல்பியா வேறொரு வீரரை வாங்கிக்கொண்டு, அவரைக் கீழே அனுப்பியது. எல்லா ஏமாற்றங்களிலும் இதுவே கொடியது என்பேன். வாசற்படியில் கால் வைத்தபின் அல்லவா திருப்பி அனுப்பப்பட்டார்?

அவ்வாண்டு மே மாதத்தில் அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 33. அந்தப் பருவத்தை .328 சராசரியோடு முடித்தார். 2008 ஆகஸ்டு 26 அன்று, நியூயார்க் மெட்ஸ் குழுவுக்கு எதிராக, ஏழு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த தம் குழுவுக்காக இடையில் களமிறங்கி, பதின்மூன்றாம் இன்னிங்ஸில் வெற்றி அடியை அடித்தார். அவ்வாண்டே பிலடெல்பியா உலகத் தொடரையும் வென்றது.

பிற்பாடு, தாம் படித்த கன்கார்டியா கல்லூரியின் பேஸ்பால் குழுவுக்கே அவர் தலைமைப் பயிற்சியாளரானார்.