பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ரிவால்வரை வாங்கலாமா?

'தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் முன்னாள் ராணுவ வீரர். மகன் வீட்டோடு போய் இருக்கப்போவதால், தன்னிடம் உள்ள எடை குறைந்த ரிவால்வரை எனக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. விலையும் பேசிவிட்டோம். இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?'

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் தனியாகவே எழுதுகிறோம்.

முதலில் பதில்: கூடாது. ஒரு ராத்திரிகூட வைத்திருக்கக் கூடாது. பழைய டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஆர்.சி புத்தகத்தில் பெயரை அப்புறம் மாற்றிக்கொள்கிறோம் அல்லவா? துப்பாக்கியில் அந்தப் பழக்கம் ஜெயிலில் கொண்டுபோய் விடும். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. கைமாறினால் கூடவே வராது. உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாமல் அந்த ரிவால்வர் உங்கள் பீரோவில் இருந்தால், 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. கொடுத்தவரும் தப்ப முடியாது.

இந்த வாசகரின் பயத்தை நாம் லேசாக நினைக்கவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர், 2025-ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலைச் செய்திகள் வந்த பிறகு, கொங்கு நாட்டில் தோட்டத்தில் தனியாக இருக்கிறவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், வரிசை மாறக் கூடாது. முதலில் உங்கள் லைசென்ஸ், அப்புறம்தான் ஆயுதம்.

அந்த லைசென்ஸ் சுலபமாகக் கிடைத்துவிடுமா என்றால், கொஞ்சம் சிரமம்தான். பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல் வாயில் மருந்து இடிக்கிற துப்பாக்கியையோ, தற்காப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கியையோ கேட்பவரை ஒரு மாதிரியும், ரிவால்வர் கேட்பவரை வேறு மாதிரியும் சட்டத்தின் 13-வது பிரிவு பார்க்கிறது. ரிவால்வருக்கு 'தகுந்த காரணம்' இருக்கிறது என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். 'பயமாக இருக்கிறது' என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. வீடு ஊரிலிருந்து எவ்வளவு தூரம், முன்பு திருட்டு நடந்ததா, போலீஸில் கொடுத்த புகாரின் நகல் இருக்கிறதா என்று விவரமாக எழுத வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு ஏ-1 படிவத்தில் மனு. மாநகர போலீஸ் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனருக்கு. உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, அதன்பின் போலீஸ் விசாரணை. மாதக்கணக்கில் ஆகலாம். 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று வருகிற புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

லைசென்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தனி ஆள் தனி ஆளுக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறது. விற்கிறவர், இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று வாங்குபவரின் பெயர், முகவரியோடு ஆட்சியருக்கோ, பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். கோயம்புத்தூர், மதுரை, சென்னை போன்ற ஊர்களில் உள்ள உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை மூலமாகச் செய்வது இன்னும் நல்லது. கணக்கு சுத்தமாக இருக்கும், ஆயுதத்தையும் பார்த்துச் சொல்வார்கள்.

பார்க்க வேண்டியதில் முதல் விஷயம், எந்த அளவுத் தோட்டா என்பது. விற்பவர் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். .38, .455, 9 மி.மீ என்றால் தடை செய்யப்பட்ட ரகம், பேச்சையே விட்டுவிடுங்கள். சாதாரண லைசென்ஸில் வாங்கக்கூடியது .32. அடுத்தது, உடம்பில் பொறித்திருக்கும் எண். அது விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அரம் போட்டு அழித்த தடம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

எடை குறைவு என்றதும் எல்லோருக்கும் ஆசை வருகிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களை மனதில் வைத்து 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோதான். விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். தூக்குவதற்குச் சுகம்தான். ஆனால், ஒரே தோட்டாவுக்குக் கனமான துப்பாக்கி தாங்குகிற அளவு லேசானது தாங்காது, கையைக் கூடுதலாக உதைக்கும். பழக்கமில்லாத கைக்குக் குறி தவறுவதும் அதில்தான் அதிகம்.

பழையது என்பதால், கடைக்காரர் முன்னிலையில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா போடும் உருளையை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லொடலொடவென்று ஆடினால் தேய்மானம். ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். குழலுக்குள் துருப்பிடித்த குழிகள் இருக்கக் கூடாது. பல வருடம் உறையிலேயே கிடந்தது என்றால் துருவுக்கு வாய்ப்பு உண்டு.

'பன்றிக்கும் ஆகுமே' என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகாது. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது. தமிழக அரசின் 2025 உத்தரவிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

வாங்கிய பிறகுதான் உண்மையான பாடு. பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வேண்டும். தோட்டாவை வேறு இடத்தில் வைக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் அதற்கும் 2 வருடம் வரை சிறை உண்டு. திருடன் ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் சுட்டால், அதைத் தற்காப்பு என்று எந்த வக்கீலும் சுலபத்தில் நிரூபித்துவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடன், குடி, குடும்பச் சண்டை என்று மனம் நொந்த ஆள் வீட்டில் இருந்தால் துப்பாக்கி வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், நிலைமை சரியாகும்வரை கடையில் ஒப்படைத்து வையுங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

என் பெரியப்பாவிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. அவர் இறந்த பிறகு மூன்று மாதம் அது சுவரில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. யாருக்கும் தோன்றவில்லை. உரிமம் பெற்றவர் இறந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று பால் ஊற்ற வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியம்மா அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. வழியில் சோதனை போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

தாராபுரம் வாசகருக்கு: முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் ஊர் மாறும்போது, முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட்டு ரிவால்வரைத் தன்னோடு கொண்டுபோகட்டும், அல்லது கடையில் ஒப்படைக்கட்டும். நீங்கள் இந்த வாரமே மனுவைப் போடுங்கள். அது வரும்வரை வாசலுக்கும் கிணற்றடிக்கும் விளக்கு, நல்ல நாய் இரண்டு, போனில் 'காவல் உதவி' செயலி. இதற்கெல்லாம் யாரிடமும் லைசென்ஸ் கேட்க வேண்டியதில்லை.