தாழ்த்திய காரின் முன்பக்கம் ஏன் நடுங்குகிறது?

ஜொகூர் பாருவில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஏறி, ஸ்கூடாய் தாண்டி கூலாய் பக்கம் போகும்போது வேகமுள் 90ஐத் தொடுகிறது. போன வாரம்தான் ஸ்பிரிங் மாற்றி 4 சென்டிமீட்டர் தாழ்த்திய மைவி. அதுவரை அமைதியாக இருந்த ஸ்டேரிங் இப்போது கைக்குள் நடுங்குகிறது.

காரைத் தாழ்த்தும் ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல. பக்கத்து பாசிர் கூடாங்கில் 1986இல் பந்தயத் தடம் திறந்தார்கள். 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கு நடந்தது. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். நடுக்கம் வந்ததும் தோன்றியதையெல்லாம் கழற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பதுதான் எனக்கு வருத்தம். அதைத் தவிர்க்க ஒரு கேள்வி போதும்: நடுக்கம் எப்போது வருகிறது?

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, எண்ணெயை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் இருந்தால், முதலில் சக்கரத்தைச் சந்தேகியுங்கள். 185/55 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.84 மீட்டர். 90 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. அதாவது சக்கரம் நொடிக்கு 13, 14 முறை சுற்றுகிறது. டயரின் காற்றுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே சக்கரம் தானாகத் துள்ளும் இயல்பும் பெரும்பாலான கார்களில் நொடிக்கு 10 முதல் 15 முறைதான். இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் சிறிய குறையும் பெரிதாகிவிடும். ரிம் விளிம்பில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது 4 கிலோ எடைக்கு ஈடான விசையோடு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கும்.

ஸ்பிரிங் மாற்றியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? பல நேரங்களில் ஸ்பிரிங்கோடு ரிம்மும் மாறியிருக்கும். மைவியில் ரிம் உட்காரும் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ.; கடையில் வாங்கும் ரிம்மின் நடுத்துளை 73.1 மி.மீ. வரைகூட இருக்கும். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால், நட்டு முடுக்கும்போது ரிம் மயிரிழை விலகி உட்காரலாம். அப்புறம் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் பயன் குறைவு. பேலன்சிங் இயந்திரம் ரிம்மை அதன் நடுத்துளையை வைத்துத்தான் பிடிக்கிறது. பழைய ரிம்தான் என்றால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டேரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால், குற்றவாளி சக்கரம்தான்.

எண்ணெயை அழுத்தும்போது மட்டும் முன்பக்கம் முழுக்க உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், கதை வேறு. இதை விளங்கிக்கொள்ள, எஞ்சின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். அதன் கியர்பாக்ஸ் பக்க முனையில், பெரும்பாலான சிறிய கார்களில், மூன்று கால் கொண்ட ஓர் இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு கால் நுனியிலும் ஓர் உருளை. மூன்று உருளைகளும் ஒரு கிண்ணத்தின் மூன்று பள்ளங்களில் முன்னும் பின்னும் ஓடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது தண்டின் நீளம் சற்றுக் கூடிக் குறைய வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

தண்டு சாய்வாக இருக்கும்போது, ஒரு சுற்றுக்கு மூன்று முறை உருளைகளின் உராய்வு தண்டை அதன் நீளவாக்கில், அதாவது காரின் பக்கவாட்டில், தள்ளும். சாய்வு கூடினாலும், எஞ்சின் இழுவை கூடினாலும் இந்தத் தள்ளல் கூடும். 60 கி.மீ. வேகத்தில் இது நொடிக்கு 27 உதறல். காரைத் தாழ்த்தினால் உடலோடு ஒப்பிடும்போது சக்கரம் மேலே ஏறுகிறது. தண்டு முன்பு சக்கரத்தை நோக்கிக் கீழே சாய்ந்திருந்தால், கொஞ்சம் தாழ்த்தும்போது அது நேராகி நல்லதே நடக்கும். அளவு மீறினால் எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கும்.

ஆனால் பழைய காரில் சாய்வைவிடத் தேய்மானமே பெரிய தொல்லை என்பது என் கணிப்பு. லட்சம் கிலோமீட்டர் ஓடிய உருளைகள் பள்ளத்தில் ஒரே இடத்தில் குழி பறித்திருக்கும். அந்தக் குழிக்குள் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கார் தாழ்ந்ததும் உருளைகள் குழியின் விளிம்புக்கு நகர்கின்றன. பழைய நோய் அன்றுதான் வெளியே தெரிகிறது. புது ஸ்பிரிங் மேல் பழி விழுகிறது.

பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்; தாழ்த்தியதற்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவது லோவர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு. அந்த ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியிருப்பதால் சுழலாது. முறுக்கிக்கொள்ள மட்டுமே செய்யும். காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முடுக்கிவிட்டால், இறக்கிய பிறகு ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். நாளடைவில் கிழியும், ஆர்ம் ஆடும், சக்கரத்தின் சின்ன அதிர்வும் நேராக ஸ்டேரிங்குக்கு வரும். ஸ்பிரிங் மாற்றும்போது இந்த போல்ட்டைத் தொடாமலே விட்டிருந்தாலும் இதே கதிதான். பழைய உயரத்துக்கு முடுக்கிய புஷ் புதிய உயரத்தில் முறுகிக் கிடக்கும்.

எப்சோர்பரும் அப்படியே. குட்டை ஸ்பிரிங்குக்குப் பழைய எப்சோர்பரை வைத்தால் அது தன் அடிப்பகுதியிலேயே வேலை செய்து சீக்கிரம் தளர்ந்துவிடும். பிறகு டயர் தரையில் குதித்துக் குதித்து மேடும் பள்ளமுமாகத் தேயும். அந்த டயரே அடுத்த நடுக்கத்துக்குக் காரணமாகும். உள்ளங்கையால் டயரின் மேல் தடவினாலே தெரியும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும் முன், நடுக்கம் எந்த வேகத்தில் தொடங்குகிறது, காலை எடுத்தால் நிற்கிறதா, கையில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். லோவர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் எடையைத் தாங்கும் நிலையில் மறுபடி முடுக்கித் தரச் சொல்லுங்கள். டிரைவ் ஷாஃப்டுக்குப் பணம் கட்டுவது அதன் பிறகு இருக்கட்டும்.