இதயத்தசை உயிரணு உருவாக்கத்தில் மரபணு வெளிப்பாடு

இதயத்தசை உயிரணு உருவாக்கத்தில் மரபணு வெளிப்பாடு என்பது, ஒரு குருத்தணு துடிக்கும் இதயத்தசை உயிரணுவாக மாறும்போது அதன் மரபணுக்களில் எவை எந்த வரிசையில் செயற்படத் தொடங்குகின்றன, எவை அடங்குகின்றன என்பதைக் குறிக்கும். இம்மாற்றத்தின்போது உயிரணுவின் டி.என்.ஏ. வரிசை மாறுவதில்லை, அதன் எந்தப் பகுதிகள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதே மாறுகிறது. முளையத்தில் இயல்பாக நிகழும் இவ்வரிசையைப் பின்பற்றி, ஆய்வகத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் துடிக்கும் உயிரணுக்களைப் பெற முடிகிறது. ஆனால் அவை வளர்ந்தவரின் இதய உயிரணுக்களைவிடக் கருவிலுள்ள குழந்தையின் இதய உயிரணுக்களையே அதிகம் ஒத்திருக்கின்றன. இந்த முதிர்ச்சியின்மை, அவற்றை மருத்துவத்தில் பயன்படுத்துவதற்குப் பெரும் தடையாக உள்ளது.

பின்னணி

மனித இதயத்தின் இடது கீழறையில் ஏறத்தாழ 200 முதல் 400 கோடி வரையான தசை உயிரணுக்கள் உள்ளன. கடுமையான மாரடைப்பு ஒன்றில் 100 கோடி உயிரணுக்கள் வரை இறக்கக்கூடும். இறந்தவற்றின் இடத்தைச் சுருங்கி விரியும் ஆற்றல் இல்லாத தழும்புத் திசு நிரப்புகிறது. இதயம் இந்த இழப்பைத் தானே ஈடுசெய்வது மிக அரிது. சுவீடனின் யோனாசு பிரீசன் குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு இதயத்தசை உயிரணுக்களே புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் இது 0.45 விழுக்காடாகக் குறைகிறது.

எனவே புதிய உயிரணுக்களை வெளியே உருவாக்கும் வழி தேடப்பட்டது. 1998 இல் சேம்சு தாம்சன் மனித முளையக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார். சின்யா யாமானாக்கா 2006 இல் சுண்டெலியின் தோல் உயிரணுக்களையும் 2007 இல் மனிதத் தோல் உயிரணுக்களையும் நான்கு மரபணுக்களின் துணையுடன் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். இவை தூண்டப்பட்ட குருத்தணுக்கள் எனப்படுகின்றன. இதற்காக அவர் 2012 இல் சான் குர்தனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படிநிலைகள்

ஆய்வகத்தில் நிகழும் மாற்றத்தைப் பொதுவாக நான்கு நிலைகளாகப் பிரிப்பர். நாட்கணக்கு வளர்ப்பு முறைக்கேற்பச் சற்று மாறுபடும்.

1. குருத்தணு நிலை: ஆக்ட்4, நானாக், சாக்ஸ்2 ஆகிய மரபணுக்கள் மிகுதியாக வெளிப்படுகின்றன. உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாறும் ஆற்றலை இவையே காக்கின்றன.

2. இடைப்படை நிலை (1 முதல் 3 நாட்கள்): முளையத்தின் நடு அடுக்கான இடைப்படையிலிருந்தே தசையும் குருதியும் தோன்றுகின்றன. இந்நிலையில் பிராக்கியூரி மரபணு குறுகிய காலத்திற்கு வெளிப்பட்டு அடங்குகிறது. அதனையடுத்து, இதயத்தை நோக்கிய பாதையைத் தொடக்கும் மெஸ்ப்1 மரபணு வெளிப்படுகிறது.

3. இதய முன்னோடி நிலை (ஏறத்தாழ 5 முதல் 7 நாட்கள்): என்.கே.எக்ஸ்.2-5, காட்டா4, டி.பி.எக்ஸ்.5 முதலியவை வெளிப்படுகின்றன. இவை பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களை, அதாவது படியெடுத்தல் காரணிகளை, உருவாக்குகின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்டுவதால் இந்நிலை தானே நிலைபெறுகிறது.

4. தசை உயிரணு நிலை (8 ஆம் நாள் முதல்): ட்ரோப்போனின், மையோசின், ஆக்டினின் போன்ற சுருங்கு புரதங்களின் மரபணுக்கள் பெருமளவில் வெளிப்படுகின்றன. அயனித் தடங்களும் உருவாகி, உயிரணுக்கள் துடிக்கத் தொடங்குகின்றன.

பழைய மரபணுக்கள் அடங்குவதும் புதியவை வெளிப்படுவதைப் போலவே இன்றியமையாதது. ஆக்ட்4 அடங்காத உயிரணுக்கள் சில எஞ்சியிருந்தாலும், உடலில் செலுத்தப்பட்டபின் அவை தெரட்டோமா என்னும் கட்டியாக வளரும் ஆபத்து உண்டு.

குரோமட்டின் மாற்றங்கள்

டி.என்.ஏ., இசுட்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டுக் குரோமட்டினாக உள்ளது. குருத்தணுவில் இதய ஒழுங்குபடுத்தி மரபணுக்கள் பலவற்றின்மேல் அடக்கும் குறியீடுகளும் தூண்டும் குறியீடுகளும் ஒருங்கே காணப்படுகின்றன. அதாவது, அவை மூடப்பட்டிருந்தாலும் திறப்பதற்கு ஆயத்தமாக உள்ளன. மாற்றம் முன்னேறும்போது அடக்கும் குறியீடுகள் அகன்று அவை செயற்படத் தொடங்குகின்றன. 2012 இல் வெளியான இரு ஆய்வுகள், ஒன்று சுண்டெலி உயிரணுக்களிலும் மற்றொன்று மனித உயிரணுக்களிலும், இம்மாற்றங்களைப் படிப்படியாகப் பதிவு செய்தன.

விண்ட் சமிக்ஞையின் இருமுகம்

விண்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதை தொடக்கத்தில் இடைப்படை உருவாகத் தேவைப்படுகிறது. சில நாட்களுக்குப் பின் அதே சமிக்ஞை இதய உயிரணுக்கள் உருவாவதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் விசுகான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் இதனைப் பயன்படுத்தி எளிய முறையொன்றை வெளியிட்டனர். முதல் நாளில் ஒரு வேதிப்பொருளால் விண்ட் பாதையைத் தூண்டி, மூன்றாம் நாளில் மற்றொன்றால் அதனை அடக்குவதே அம்முறை. ஆகவே எந்தச் சமிக்ஞை என்பதோடு, அது எப்போது தரப்படுகிறது என்பதும் உயிரணுவின் முடிவைத் தீர்மானிக்கிறது.

பிறவி இதய நோய்களுடன் தொடர்பு

என்.கே.எக்ஸ்.2-5 மரபணுவுக்கு இணையானது பழ ஈயில் டின்மேன் எனப்படுகிறது. இம்மரபணு பழுதான ஈக்களுக்கு இதயம் உருவாவதில்லை. "ஓசின் மந்திரவாதி" கதையில் வரும் இதயமில்லாத தகர மனிதனின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. மனிதரில் இம்மரபணுவின் பிறழ்வுகள் இதய மேலறைகளுக்கிடையே துளையையும் மின்கடத்தல் தடையையும் ஏற்படுத்துவது 1998 இல் கண்டறியப்பட்டது. டி.பி.எக்ஸ்.5 இன் பிறழ்வுகள் கைகளையும் இதயத்தையும் ஒருசேரப் பாதிக்கும் ஓல்ட்-ஓரம் கூட்டறிகுறிக்குக் காரணமாகின்றன. இந்நோயாளிகளில் மரபணுவின் இரு படிகளில் ஒன்று நன்றாகவே உள்ளது. வெளிப்பாட்டின் அளவு பாதியாகக் குறைவதே இதய அமைப்பைக் குலைக்கப் போதுமானது என்பதை இது காட்டுகிறது.

முதிர்ச்சியின்மைச் சிக்கல்

ஆய்வகத்தில் துடிக்கத் தொடங்கிய உயிரணுக்களில் ட்ரோப்போனின் ஐ புரதத்தின் கருநிலை வடிவமே மிகுந்திருக்கிறது. வளர்ந்த இதயத்தில் உள்ள வடிவம் மிக மெதுவாகவே அதன் இடத்தைப் பிடிக்கிறது. வளர்ந்த இதயம் ஆற்றலுக்குப் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களைச் சார்ந்திருக்க, இவை குளுக்கோசைச் சார்ந்திருக்கின்றன.

மற்றொரு வேறுபாடு உயிருக்கே ஆபத்தானது. வளர்ந்தவரின் கீழறைத் தசை உயிரணுக்கள் தாமாகத் துடிப்பதில்லை. இதயத்தின் இயற்கை முடுக்கியிலிருந்து வரும் தூண்டலுக்காகக் காத்திருக்கின்றன. ஆய்வக உயிரணுக்களிலோ தன்னியக்கத் துடிப்புக்கு உதவும் எச்.சி.என்.4 மரபணு தொடர்ந்து வெளிப்படுகிறது. துடிப்புகளுக்கிடையே உயிரணுவை அமைதிநிலையில் வைக்கும் கே.சி.என்.சே.2 குறைவாக உள்ளது. வாசிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2014 இல் இத்தகைய உயிரணுக்களைக் குரங்குகளின் பழுதடைந்த இதயங்களில் செலுத்தியபோது அவை வேரூன்றின. ஆனால் இதயத்துடிப்புச் சீரின்மையும் தோன்றியது. அதே பல்கலைக்கழகத்தினர் 2023 இல் எச்.சி.என்.4 உட்பட மூன்று மரபணுக்களை நீக்கி, கே.சி.என்.சே.2 ஐ மிகுவித்த உயிரணுக்களை உருவாக்கினர். பன்றிகளில் செலுத்தப்பட்ட இவை அச்சீரின்மையைத் தூண்டவில்லை.

பயன்பாடுகள்

மருந்துகள் இதயத்தைப் பாதிக்கின்றனவா எனச் சோதிக்க இவ்வுயிரணுக்கள் பயன்படுகின்றன. மரபுவழி இதய நோயுள்ள ஒருவரின் தோல் அல்லது குருதி உயிரணுக்களிலிருந்து அவருக்கே உரிய இதயத்தசை உயிரணுக்களை உருவாக்கி நோயின் காரணத்தை ஆராயவும் முடிகிறது. தூண்டப்பட்ட குருத்தணுக்களிலிருந்து பெறப்பட்ட இதயத்தசை உயிரணுத் தகடு 2020 சனவரியில் சப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் நோயாளி ஒருவரின் இதயத்தில் பொருத்தப்பட்டது.