சகுந்தலா திரும்புவாளா?

மகாராஷ்டிரத்தின் விதர்பா பருத்திப் பூமியில் புதர் மண்டிக் கிடக்கிறது சகுந்தலா ரயிலின் பாதை. யவத்மால், மூர்த்திஜாபூர், அச்சல்பூர் ஊர்களை இணைத்த சுமார் 190 கி.மீ. குறுகிய பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மி.மீ.தான்.

பருத்தியை மும்பைத் துறைமுகத்துக்கும் அங்கிருந்து மான்செஸ்டருக்கும் அனுப்ப, கில்லிக் நிக்சன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நூறாண்டுக்கு முன் தொடங்கிய ரயில் இது. 1951ல் ரயில்வே தேசியமயமானபோது, துஷ்யந்தன் மறந்த சகுந்தலையைப் போல, இதை அரசு விட்டுவிட்டது. பாதை தனியாருக்குச் சொந்தம்; ரயிலை ஓட்டியதோ அரசு. பராமரிப்பு கவனிப்பாரற்றுப் போனதில் ஆச்சரியமில்லை.

மான்செஸ்டரில் 1921ல் தயாரான நீராவி எஞ்சின் 70 ஆண்டு உழைத்து, 1994 ஏப்ரல் 15ல் ஓய்வு பெற்றது. டீசல் வந்தது. மற்றபடி எதுவும் மாறவில்லை. எஞ்சினைக் கழற்றுவது, சிக்னல் போடுவது, டிக்கெட் விற்பது எல்லாம் ஒரு சில ஊழியர்களின் கைவேலைதான். வேகமோ சைக்கிளோடு போட்டி போடும். ஆனாலும் கூலித் தொழிலாளிக்கும் சந்தைக்குப் போகிறவருக்கும் பஸ்ஸைவிட மலிவு. கடந்த பத்தாண்டின் பிற்பகுதியில் இரு பிரிவுகளும் அடுத்தடுத்து நின்றபோது அடி விழுந்தது இவர்களுக்குத்தான்.

அகலப் பாதையாக்கும் திட்டம் 2016ல் அறிவிக்கப்பட்டது. ரயில் ஆர்வலர்களோ பழைய பாதையைப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கச் சொல்கிறார்கள். சகுந்தலாவைக் காப்பாற்றப் போராடிய உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் தேவை ஓடுகிற ரயில். காட்சிப் பொருளில் ஏறி யாரும் சந்தைக்குப் போக முடியாது. அதே சமயம், அகலப் பாதை போட்டால் பழைய தண்டவாளம் மிஞ்சாது.

மூர்த்திஜாபூர் அருகே சில கி.மீ. பாதையை மட்டுமாவது பெயர்க்காமல் விடலாம். மும்பை-ஹவுரா பிரதானப் பாதையிலேயே அந்த ஊர் இருப்பதால், பார்க்க வருகிறவர்களுக்கும் சிரமமில்லை.